பிரதிவாதியின் முகவரி

அன்புள்ள தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கும் ஆசைதான். ஆனால் வக்கீல் ஆபீசில் கோர்ட்டுக்குப் பத்திரம் தயாரித்தே வயதாகிப்போனவள் நான். முதல் வரியிலேயே பொய் எழுதக் கை வரவில்லை. இடது கால் காலையிலிருந்து குடைகிறது. மனசுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால் அதுவும் பொய், உட்காரவே இல்லை. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். கேட் வரைக்கும் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். குக்கரில் அரிசியைப் போட்டவள் சுவிட்சைத் தட்ட மறந்துவிட்டேன், மத்தியானம் திறந்து பார்த்தால் ஊறிய அரிசி பல்லைக் காட்டுகிறது. இதையெல்லாம் உனக்கு வாட்ஸாப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். நீ பாதி கேட்டுவிட்டு 'சரிம்மா' என்று போட்டுவிடுவாய். உன் 'சரிம்மா' எனக்கு வேண்டாம். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கெலாங் பாத்தாவில் உன் அறைக்கு நாளை கூரியரில் வந்துவிடும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று உன் மேல் கேஸ் போட்டுவிட்டேன். கோபத்தில் போட்டதில்லை, யாரோ தூண்டிவிட்டுப் போட்டதும் இல்லை. நானே என் மேசையில், என் கணினியில், என் கையால் இ-ஃபைலிங் செய்தேன். வாதி நான், பிரதிவாதி நீ. விபத்தில் அடிபட்டவர் இன்சூரன்ஸ் பணம் கேட்கவேண்டுமானால் இன்சூரன்ஸ் கம்பெனி மேல் கேஸ் போட முடியாது, வண்டி ஓட்டியவர் மேல்தான் போடவேண்டும் என்பது உனக்குத் தெரியும். என் பிள்ளையாக வளர்ந்தவனுக்கு அதுகூடத் தெரியாமல் இருக்குமா? தெரிந்திருந்தும் போன மாதம் போனில் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "போடுங்கம்மா. நான் பண்ணதுக்கு எனக்கு அது வேணும்தான்." அந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடாமல், உட்காரவிடாமல் அடிக்கிறது. நீ 'வேண்டாம்' என்று சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன்.

நடந்தது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ உனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லாமல், நடந்த மாதிரி ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். அன்றைக்கு நீ கெலாங் பாத்தாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். மறுநாள் காலை சிங்கப்பூரில் வேலை. நம் செடெனாக் வீட்டுத் தெருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தப் பக்கம் கால்வாய், அந்தப் பக்கம் எதிர்வீட்டுக்காரரின் லாரி. நீ வழக்கம்போல மூக்கை உள்ளே விட்டு நிறுத்தியிருந்த காரைப் பின்னால் எடுத்தாய். நான் வழக்கம்போல தெருவில் போய் நின்றுகொண்டு, ஒரு கையில் உனக்குக் கட்டிய நெத்திலிச் சம்பல் டப்பா, மறு கையை ஆட்டி "கோஸ்டான், கோஸ்டான், சிக்கிட் லாகி" என்று, பின்னால் வா இன்னும் கொஞ்சம் வா என்று, போலீஸ்காரி மாதிரி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். நீ கார் ஓட்டக் கற்ற நாளிலிருந்து எத்தனை தடவை அப்படி உன்னைப் பின்னால் வரச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு நீ கால்வாயில் டயர் இறங்கிவிடக் கூடாதே என்று இடது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பூனை ஒன்று ஓடியதைப் பார்த்து வலது பக்கம் நகர்ந்தேன். நீ அந்தப் பக்கம் பார்க்கவில்லை, நான் காரைப் பார்க்கவில்லை. காருக்கும் லாரிக்கும் நடுவில் என் இடுப்பும் இடது காலும். அவ்வளவுதான் கதை. வில்லன் கிடையாது, பூனை ஒன்றுதான் தப்பித்துப் போனது.

ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததை மட்டும் நான் மறக்கமாட்டேன். நான் எத்தனை வருடமாக எத்தனை பேருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன், அவசரப் பிரிவில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு நிஜத்தைச் சொல்லுங்கள், அதைத்தான் அவர் எழுதுவார், அதுதான் கடைசி வரைக்கும் வரும் என்று. ஊருக்கு உபதேசம். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நானே டாக்டரிடம் சொன்னேன், கால்வாயில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று. போலீசும் கீலீசும் உன்னிடம் வரக்கூடாது என்பதைத் தவிர அந்த நேரத்தில் என் மண்டையில் ஒன்றுமே இல்லை. நீ பின்னால் நின்றிருந்தாய். சட்டையெல்லாம் சம்பல். முன்னால் வந்து, "இல்ல டாக்டர். சாயா லாங்கார். கெரேத்தா சாயா" என்றாய். நான்தான் மோதினேன், என் கார்தான். அந்த டாக்டர் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நீ சொன்னதை எழுதிக்கொண்டாள். அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய் நீயே ரிப்போர்ட்டும் கொடுத்தாய். தம்பி, அன்றைக்கு எனக்குக் கால் நசுங்கிய வலியோடு ஒரு பெருமையும் இருந்தது. இதுவரை அதை நான் உன்னிடம் சொன்னதில்லை, நீ சொல்லவும் விட்டதில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது. ஜோகூர் பாருவில் ஒவ்வொரு செக்கப்புக்கும் நீ பஸ் பிடித்து வந்து ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாய். நம்பர் எடுத்து வைத்திருப்பாய், மைலோ வாங்கி வைத்திருப்பாய். தினமும் போன் செய்வாய். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தெருவுக்கு மட்டும் நீ வருவதில்லை. ஒருமுறை கிராப் வாடகைக் காரில் என்னைக் கொண்டுவந்து விட்டபோது, முனையிலேயே இறங்கிக்கொண்டு டிரைவரிடம், "நீங்க உள்ள போய் வீட்டு வாசல்லயே விட்டுருங்க அங்கிள், நான் இங்கேயே நிக்கறேன்" என்றாய். நான் கேட்டைத் திறந்து திரும்பிப் பார்த்தேன், நீ மளிகைக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாய். உன் கார் அன்றைக்கு எதிர்வீட்டுக்காரர் திரும்ப மூக்கை உள்ளே விட்டு நிறுத்திய இடத்தில், உறை போட்டு, போர்ச்சிலேயே நிற்கிறது. நீ ஸ்டீயரிங்கையே தொடவில்லை. இப்போது பினாங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டாய், அடுத்த மாதம் போகிறாய். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். உன் மனம் கல்லாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கவலை இல்லை.

என் வேலையில் உன்னைப் போல நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். அடிபட்டவர்கள் கட்டோடும் தையலோடும் வந்து உட்கார்வார்கள், அவர்களைச் சமாளித்துவிடலாம். மோதியவர் சொந்தக்காரராக இருந்துவிட்டால்தான் கஷ்டம். அப்போதெல்லாம் நான் ஒரே வசனத்தைத்தான் பேசுவேன்: "இது பேருக்குத்தான்லா. பேப்பர்ல பேரு இருக்கும், காசு இன்சூரன்ஸ் கட்டும், உங்களுக்குள்ள ஒண்ணுமில்ல." ரொம்ப நாள் அந்த வசனத்தை நானும் நம்பினேன். பிறகு சாஆ என்ற ஊரிலிருந்து ஓர் அண்ணன் தம்பி வந்தார்கள். தம்பி செம்பனை லாரி ஓட்டுகிறவர், அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தவர், தோட்டத்துச் சாலைத் திருப்பத்தில் மோதிக்கொண்டார்கள். அண்ணனுக்குத் தோள்பட்டை போயிற்று. சம்மன் கிடைத்த நாளிலிருந்து தம்பிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். கோர்ட் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். கேஸ் நல்லபடியாக முடிந்து வக்கீல்கள் கைகுலுக்கிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். ஒரே ஊருக்குப் போகிற அண்ணனும் தம்பியும் வேறு வேறு பஸ்ஸில் ஏறினார்கள். தம்பிக்காரர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பேருக்குத்தான்னு சொன்னீங்க. அதுல போட்டிருக்கிறது என் பேருல்ல?" 

அதனால்தான் இத்தனை நாள் நம் கேஸைத் தள்ளிப்போட்டேன். பாஸ் வாரத்துக்கு ஒருமுறை வந்து மேசையைத் தட்டுவார். "ஊருக்கெல்லாம் டைம் பாருங்க, கேஸ் போடற டைம் போயிடும்னு சொல்றீங்க. உங்க ஃபைல் மட்டும் ஏன்க்கா டிராயர்ல தூங்குது?" நான் ஏதாவது வேலை இருப்பது போல எழுந்து போய்விடுவேன். இப்போது இடுப்பெலும்புக்கு இன்னொரு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதற்குப் பிறகு நெடுநேரம் உட்கார்ந்து டைப் அடிக்க முடியுமா என்பதும் தெரியவில்லை. நீ உடனே, "நான் லோன் போட்டுடறேன்மா, நீங்க ஒண்ணும் நினைக்காதீங்க" என்றாய். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நீ ஒழுங்காக இன்சூரன்ஸ் கட்டியவன். அது இருக்க நீ எதற்கு ஆயுசுக்கும் தண்டனை கட்டவேண்டும்? நீ கட்ட நினைப்பது என் ஆபரேஷனுக்கு இல்லை தம்பி, உன் குற்றத்துக்கு. என் காலை வைத்து உன்னை நீயே தண்டித்துக்கொள்ள நான் விடமாட்டேன். அன்றைக்கே ஃபைலை டிராயரிலிருந்து வெளியே எடுத்தேன்.

எடுத்துவிட்டேனே தவிர, நேற்றுவரை கை ஓடவில்லை. முன்னெல்லாம் கோர்ட் கவுன்டரில் வரிசையில் நின்று முத்திரை குத்தி வாங்கவேண்டும், அப்போது யோசிக்க நேரமே கிடையாது. இப்போது எல்லாம் கணினியில். கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போகவேண்டும், ஒவ்வொரு கட்டமும் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கும். வாதியின் பெயர் என்று கேட்டது. என் பெயரைப் போட்டேன், அடையாள அட்டையில், அதான் ஐசியில், இருக்கிறபடி என் அப்பா பெயரோடு. பிரதிவாதியின் பெயர் என்று கேட்டது. உன் பெயரும் உன் அப்பா பெயரோடுதானே இருக்கிறது? எட்டு வருடமாக மாலை போட்ட படத்தில் இருக்கிற மனுஷன், கோர்ட் பத்திரத்தில் எனக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றார். எங்கள் கல்யாணத்திலேயே இரண்டு வீட்டாருக்கும் ஆகாது, அப்போது வராத கேஸ் இப்போது வந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். சிரிப்பு வந்த வேகத்தில் அழுகையும் வந்தது. பிரதிவாதியின் ஐசி எண் என்று கேட்டது. மற்ற கேஸ்களில் அந்த எண்ணைத் தேடி எடுக்கப் போலீஸ் ரிப்போர்ட்டைப் புரட்டவேண்டும். உன்னுடையதை விரல் தானாக அடித்தது.

அடுத்த கட்டம் பிரதிவாதியின் முகவரி. நீ இன்னும் ஐசியில் முகவரியை மாற்றவில்லை, தெரியுமா? போலீஸ் ரிப்போர்ட்டிலும் அதேதான். கெலாங் பாத்தாவில் இத்தனை வருடமாக வாடகை கொடுத்துக்கொண்டு, ஐசியில் செடெனாக் வீட்டில்தான் குடியிருக்கிறாய். வாதியின் முகவரியும் பிரதிவாதியின் முகவரியும் ஒன்று. பக்கத்து மேசையிலிருந்து பிரியா எட்டிப் பார்த்தாள். கூலாயிலிருந்து தினமும் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகிற பெண், ஆபீசில் என்னைப் பெற்றவள் மாதிரி அதட்டுகிறவள். "கா, தப்பா காப்பி பண்ணிட்டீங்க. ரெண்டும் ஒரே வீடு." நான், "தப்பு இல்லலா, ரெண்டு பேரும் ஒரே வீடுதான்" என்றேன். அவள் எழுந்து போய் ஒரு கப் காப்பி கொண்டுவந்து வைத்தாள். உன் கெலாங் பாத்தா முகவரி எனக்கு மனப்பாடம். அதைப் போட்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். நான் போடவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி, சண்டை நடந்த இடத்துக்கு வருகிறேன். கேஸோடு ஒரு பட்டியல் போகும், பிரதிவாதியின் கவனக்குறைவுகள் என்று. அந்தப் பட்டியலை நான் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். அதிவேகமாக ஓட்டினார், ஹாரன் அடிக்கவில்லை, பிரேக் போடவில்லை, சாலையில் மற்றவர்கள் இருப்பதைப் பொருட்படுத்தவில்லை, வாதியின் எச்சரிக்கையைக் கேட்கவில்லை. சைக்கிள்காரன் மோதினாலும் டிரெய்லர் மோதினாலும் அதே பட்டியல்தான், பெயரை மட்டும் மாற்றி அடிப்போம். உன் பெயரைப் போட்டுவிட்டு அதைப் படித்தபோது என்னால் தாங்கமுடியவில்லை. ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். பாஸ் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அக்கா, என்ன பண்றீங்க? அது எப்பவும் போடறதுதானே." நான், "என் பிள்ளை வேகமா வரல பாஸ். வீட்டு வாசல்ல நத்தை மாதிரி வந்தான்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி, 'நிறுத்து'ன்னு கத்தினீங்கல்ல? அதையாவது போடுங்க. அது இருந்தா நம்ம கேஸ் ஸ்ட்ராங்" என்றார்.  "கத்தினதா ஞாபகம் இல்ல பாஸ். கோஸ்டான்னு சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்றேன். "இது நமக்கு நஷ்டம் கா." "ஆஸ்பத்திரியில அவன் எனக்காகப் பொய் சொல்லல. நான் மட்டும் அவன் மேல சொல்லணுமா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் பட்டியலில் இரண்டே வரி நின்றது. பின்னால் வரும்போது இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. பின்னால் ஆள் நிற்பது தெரிந்தும் நிறுத்தி உறுதிசெய்துகொள்ளவில்லை. அந்த இரண்டும் உண்மை. அதை நான் உனக்காக அழிக்கவில்லை. அனுப்பும் பட்டனை அழுத்தினேன்.

நீ எத்தனையோ தடவை என்னிடம் கேட்டிருக்கிறாய், "நிறுத்துன்னு சொன்னீங்களாம்மா? எனக்குக் கேக்கலையா?" என்று. இப்போது கோர்ட்டுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். நான் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சொன்னேனா என்பதே தெரியாத ஒன்றைக் கேட்கத் தவறிவிட்டோம் என்று நீ இனி உன்னைப் போட்டு உருட்டவேண்டாம்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். அனுப்பியதை கோர்ட் ஆபீசில் பார்த்து ஏற்றுக்கொண்டு கேஸ் நம்பர் கொடுக்கவேண்டும், ஏதாவது கோளாறு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலையிலிருந்து பிரியாவுக்கு எத்தனை போன் போட்டேன் என்று கேட்டால் அவளே சொல்வாள். திருப்பி அனுப்பிவிட்டால் தேவலை என்று ஒரு மனம், அனுப்பிவிடக் கூடாதே என்று ஒரு மனம். இரண்டுக்கும் நடுவில் நான் துணியை மடித்து, மடித்ததைக் கலைத்து, திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் அவள் கூப்பிட்டாள். "கா, வந்துருச்சு. நம்பர் விழுந்துருச்சு." நான் போனைக் காதில் வைத்தபடி மடித்த துணியைத் திரும்பக் கலைத்தேன். "கா? இருக்கீங்களா? அழறீங்களா?" "இல்லலா, வெங்காயம் உரிக்கறேன்" என்றேன். ஊறிய அரிசிக்கு என்ன வெங்காயம் என்று அவளுக்குத் தெரியாது. ஆக, இனிமேல் இது நிஜமான கேஸ். நான் உன் மேல் போட்ட கேஸ்.

அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு நீ அதிர்ச்சியாகக் கூடாது. உனக்காக இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு வக்கீலை வைக்கும். அவர் உன் பெயரில் ஒரு பதில் போடுவார். அதில், தப்பெல்லாம் வாதியுடையதே, ஓடுகிற வண்டிக்குப் பின்னால் போய் நின்றவர் அவர்தான், தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவர் என்று இருக்கும். படித்துவிட்டு, "ஐயோ, அம்மாவையா நான் இப்படிச் சொன்னேன்" என்று வக்கீலுக்குப் போன் போட்டு அதை எடுக்கச் சொல்லிவிடாதே. அந்த வக்கீலுக்கும் ஒரு பட்டியல் உண்டு, அதை டைப் அடிக்க என்னைப் போல ஒருத்தி உண்டு. அதோடு, தம்பி, அதில் பாதி நிஜம். நான் பின்னால் நின்றேன். சம்பல் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பூனையைப் பார்த்தேன். நீ கேட்கப்பட்டால் உள்ளதைச் சொல், கூட்டவும் வேண்டாம், எனக்காகக் குறைக்கவும் வேண்டாம். இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

இத்தனை வருடம் கோர்ட்டோடு குப்பை கொட்டியதில் எனக்கு ஒரு விஷயம் நேற்றுத்தான் உறைத்தது. நம் வீட்டில் இரண்டு வருடமாக ஒரே வழக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ 'என் தப்பு' என்கிறாய், நான் 'இல்லை, என் தப்பு' என்கிறேன். இருவருமே முழுசாக எடுத்துக்கொள்ளப் போட்டி போடுகிறோம், அதனால் முடிவே வரவில்லை. கோர்ட்டில் நீதிபதி அதை எடுத்து வைத்து, இதில் இவ்வளவு இவனுக்கு, இவ்வளவு இவளுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடுவார். அதற்கு ஒரு கணக்கு உண்டு, ஒரு முடிவு உண்டு, முத்திரை உண்டு. அப்புறம் ஃபைலை மூடிவிடுவோம். மூடிய ஃபைலைத் திரும்பத் திறந்து அழுகிற வழக்கம் எங்கள் ஆபீசில் கிடையாது. உன் பங்கு எவ்வளவு என்று வருகிறதோ அதை மட்டும் வைத்துக்கொள். என் பங்கை என்னிடம் கொடுத்துவிடு. அதையும் சேர்த்து நீ பினாங்குக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகவேண்டாம். நான் கேஸ் போட்டது இன்சூரன்ஸுக்காக என்று பாஸ் நினைக்கிறார். பாதிதான் அது.

உன் அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டினாரே, வாழ்நாளில் ஒரு நாளாவது வண்டியை மூக்கை உள்ளே விட்டு நிறுத்தியிருக்கிறாரா? எவ்வளவு களைத்து வந்தாலும் திருப்பி, பின்னால் எடுத்துத்தான் நிறுத்துவார். "போகும்போது அவசரம் இருக்கும், வரும்போது என்ன அவசரம்? வரும்போதே கோஸ்டான் போட்டுடு" என்பார். நீ அவரைக் கேலி செய்வாய், வீட்டுக்கு வந்ததும் சோற்றுக்கு ஓடவேண்டும் உனக்கு. இப்போது நீ செய்வதும் அதேதான், எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறாய், திரும்பக் கிளம்புகிறபோது பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. பினாங்குக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வேலை, நல்ல ஊர், போய் வா. ஆனால் இந்தத் தெருவுக்குப் பயந்து போகாதே. பயந்து போகிறவனுக்கு எல்லா ஊரிலும் இந்தத் தெருவே வந்து நிற்கும். அப்பா இருந்திருந்தால் இதை இரண்டு வார்த்தையில் சொல்லியிருப்பார், எனக்குத்தான் வளவளவென்று வருகிறது.

இப்போது முகவரி விஷயம். சம்மனைத் தபாலில் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம். நேரில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை பிரியா அதை எடுத்துக்கொண்டு வருவாள். எங்கே வருவாள்? கோர்ட்டில் உன் முகவரி என்று எது இருக்கிறதோ அங்கே. இங்கே. நான் உனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டு வாங்க முடியாது, வாதியே பிரதிவாதியின் சம்மனை வாங்கிக்கொண்டால் ஆபீஸே சிரிக்கும். நீதான் வரவேண்டும். முனையில் நின்றுகொண்டு மளிகைக்கடையைப் பார்க்கிற வேலையெல்லாம் நடக்காது. அந்த இடத்தைத் தாண்டி, கேட்டைத் திறந்து, வீட்டுக்குள் வந்து உட்கார். தோசை சுட்டு வைக்கிறேன், பிரியாவுக்கும் சேர்த்து. கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அதை டிராயரில் போட்டுப் பூட்டிவிடாதே, நிறைய பேர் அப்படித்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கே கூலாயில் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். உன் காரில் போவோம். பேட்டரி மாற்றியாயிற்று, ரோடு டேக்ஸும் புதுப்பித்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரரிடம் அன்றைக்கு மட்டும் லாரியை எடுத்துவிடச் சொன்னேன். சரி என்றார். பிறகு யோசித்துவிட்டு, வேண்டாம், அது நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உறையை நீ எடு, எனக்கு எட்டாது. அவசரப்படாதே. இடது பக்கம் பார், வலது பக்கமும் பார். இந்தத் தடவை உனக்கு வழிகாட்ட நான் பின்னால் வந்து நிற்கமாட்டேன். உன் பக்கத்து சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு, சம்பல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் மட்டும் செய்ய முடியாது. நீயாகவே பார்த்து எடு.

வழக்கில் வாதி,
மற்ற எல்லாவற்றிலும் உன் அம்மா.